ஞாயிறு இணைப்போடு ஒரு பேப்பர் கட்டிங் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் சில வாரங்களாக வரும் தையல் பக்கத்தைப் படித்துவிட்டு எழுதுகிறேன். குறை சொல்லத்தான் எழுதுகிறேன், ஆனால் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இடம் போதாது என்றால் முன்னால் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், கடைசியில் கேட்டிருப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்: துணியின் மேல் வைத்து வெட்ட முழு அளவில் வரைந்த தாள், அதுதான் நான் கேட்கும் பேப்பர் கட்டிங்.

போன வாரம் ஜாக்கெட் பாடம். "மார்பு 36 என்றால் கால் பங்கு 9, அதோடு 1 இஞ்சு சேர்த்து 10, ஷோல்டர் 7" என்று ஒரு பத்தி ஓடுகிறது, பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு படம், படத்தில் அ, ஆ, இ, ஈ என்று புள்ளிகள். அப்புறம் ஒரு வரி: "அக்குள் வளைவை அழகாக வரைந்துகொள்ளவும்." அழகாக என்றால் எப்படிங்க? அந்த ஒரு வளைவு கைக்குப் படிய எனக்கு இரண்டு வருஷம் ஆனது. அது சரியாக விழுந்தால் ஜாக்கெட், விழாவிட்டால் கையைத் தூக்கும்போதெல்லாம் இடுப்பு வரை மேலே ஏறும். தையலில் சொல்லிக்கொடுக்க வேண்டிய இடமே அதுதான், அந்த இடத்தில் உங்கள் பக்கம் "அழகாக" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டது. எனக்குத் தையல் தெரியும், அதனால் படித்துச் சிரித்தேன். தெரியாத பெண் அந்தப் பக்கத்தை மடித்து பீரோவில் வைத்திருப்பாள், அதோடு சரி.

நான் மதுரைக்காரி. முப்பது வருஷமாக அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். வாசலில் போர்டெல்லாம் கிடையாது. அளவு ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்து, "இதே மாதிரிக்கா, கை மட்டும் ஒரு இஞ்சு நீளமா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். துணியை மடித்துப் போட்டு, மேலே அந்த அளவு ஜாக்கெட்டை வைத்து, சாக்பீஸால் சுற்றிக் கோடு இழுத்து வெட்டிவிடுவேன். பேப்பர் கட்டிங் என்பது தையல் கிளாஸில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் துணி வீணாகாமல் இருக்கப் பழைய பேப்பரில் வெட்டிப் பழகுவது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். என் முதல் ஜாக்கெட்டின் முன்பாகத்தில் சினிமா விளம்பரமும் பின்பாகத்தில் தங்கம் விலையும் இருந்தது ஞாபகம். தொழில் கைவந்த பிறகு பேப்பரைத் தொடுவது கௌரவக் குறைச்சல்.

அந்த நினைப்பை மாற்றியது ஒரு ஜப்பான் புத்தகம். அதில் ஒரு எழுத்துகூட எனக்குப் படிக்கத் தெரியாது.

மகளும் மருமகனும் டோக்கியோவில் நிஷி கசாயில் இருக்கிறார்கள். நம்மூர்க்காரர்கள், வடநாட்டுக்காரர்கள் என்று இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கும் பகுதி. அவள் பிரசவத்துக்காக நான் போய் மூன்று மாதம் இருந்தேன். பேத்திக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய நேரம் போக மீதி நேரம் எனக்குக் கை துறுதுறுவென்றிருக்கும். மெஷின் இல்லாத வீட்டில் எனக்குப் பொழுது போகாது. ஒரு நாள் மகள் புத்தகக் கடைக்குக் கூட்டிப் போனாள், அங்கே தையல் புத்தகத்துக்கென்று ஒரு அலமாரியே இருந்தது. குழந்தைச் சட்டைக்குத் தனி, அம்மாமார்களின் அங்கிக்குத் தனி, பைகளுக்கு மட்டும் ஒரு வரிசை. எல்லாம் மெலிசு மெலிசாக, நம்மூர்ப் பள்ளி நோட்டு அகலத்தில். முன்பாதி முழுக்கப் படம், அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு யாரோ ஜன்னலோரம் நிற்கும் படம். பின்பாதி முழுக்கக் கோடும் அம்புக்குறியும் எண்ணும். கடைசி அட்டையில் மடித்து ஒட்டிய பெரிய தாள்.

"அம்மா, உனக்கு இதுல என்ன புரியப் போகுது?" என்றாள் மகள்.

"எண் புரியுதுல்ல, அது போதும்" என்றேன். வாயாடித்தனம்தான், ஆனால் முக்கால்வாசி உண்மையாகப் போனது.

புத்தகம் ஒன்றை வாங்கியாயிற்று, துணி வாங்க டோக்கியோவிலேயே நிப்போரி என்ற இடத்துக்குப் போனோம். டோசாய் லைனில் ஏறி, நடுவில் மாறி, யாமனோத்தே லைனில் போய் இறங்க வேண்டும். ஸ்டேஷனிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்குத் தெருவின் இரண்டு பக்கமும் துணிக்கடை, நூல் கடை, பட்டன் கடை, லேஸ் கடை. ஒரு கடையில் ஜிப் மட்டுமே சுவர் முழுக்கத் தொங்கியது. மீட்டர் 100 யென்னுக்கும் துணி இருந்தது, அதில் கை வைக்கப் போனபோது இருந்த கூட்டத்தில் நம்மூர் ஆடித் தள்ளுபடி ஞாபகம் வந்தது. நான் கொஞ்சம் நல்லதாக, லினன் கலந்த சாம்பல் நீலத் துணி இரண்டரை மீட்டர் எடுத்தேன். அகலம் 110 செ.மீ. இந்தப் புத்தகங்களில் பல உடுப்புகளுக்கு அந்த அகலத்தில்தான் துணிக் கணக்குப் போட்டிருக்கிறது. நம்மூர் 44 இஞ்சு காட்டனும் அதுவேதான், கணக்குப் பார்த்தால் 111 சொச்சம் வரும். அந்த ஒற்றுமையில் எனக்கு ஒரு தைரியம் வந்தது, தேவையில்லாத தைரியம்.

மதுரைக்கு வந்து அந்தப் பெரிய தாளை விரித்தேன். அப்போது நீங்கள் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒரே தாளில் பத்துப் பன்னிரண்டு உடுப்புகளின் கட்டிங், ஒன்றின் மேல் ஒன்று, பின்பக்கமும் அதே மாதிரி. முழுக்கோடு, விட்டுவிட்ட கோடு, புள்ளியும் கோடுமாக மாறி மாறி வரும் கோடு என்று ஒவ்வொரு அளவுக்கும் ஒரு விதம். மார்கழியில் பெரியம்மா போடும் சிக்குக் கோலத்தின் மேல் இன்னொரு சிக்குக் கோலம் போட்ட மாதிரி இருந்தது. ஆனால் சிக்குக் கோலம் போட்டுப் பழகிய கண்ணுக்கு இது பெரிய விஷயமில்லை. தாளின் ஓரத்தில் எண் இருக்கிறது, நமக்கு வேண்டிய எண்ணுக்கு நேராக உள்ளே போனால் அந்தத் துண்டின் கோடு கிடைக்கும், கிடைத்த கோட்டை விடாமல் பிடித்துக்கொண்டு சுற்றிவர வேண்டும். நான் ஸ்டேஷனரி கடையில் அடியில் இருக்கும் கோடு தெரிகிற பட்டர் பேப்பர் வாங்கி அந்தத் தாளின் மேல் போட்டு, நாலு மூலைக்கும் நாலு தம்ளரை வைத்து, பென்சிலால் எடுத்தேன். ஒரு மத்தியானம் முழுக்கப் போனது. மூலத்தாளில் கத்தரியே படக்கூடாது. அது அப்படியே இருந்தால்தான் நாளைக்கு வேறு அளவோ வேறு உடுப்போ எடுக்க முடியும், பின்பக்கத்தில் இருப்பதும் பிழைக்கும்.

அந்த மத்தியானத்தில்தான் நான் பயந்திருந்த விஷயம் எளிதாக இருப்பதைப் பார்த்தேன். அக்குள் வளைவு, கழுத்து வளைவு, கையின் மேல் மேடு மூன்றையும் யாரோ எனக்காக வரைந்து வைத்திருக்கிறார்கள். "அழகாக" வரைய வேண்டிய வேலையே இல்லை, பென்சிலை அதன் மேல் ஓட்டினால் போதும். முன்பக்க வளைவு கொஞ்சம் உள்வாங்கியும் பின்பக்க வளைவு அவ்வளவு வாங்காமலும் இருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். என்னிடம் படிக்க வந்த பிள்ளைகளுக்கு இதை வாயால் சொல்லி மாய்ந்திருக்கிறேன்.

சரி, கோட்டை கச்சிதமாக எடுத்தேன், துணியில் வைத்தேன், கோட்டின் மேலேயே வெட்டினேன். முப்பது வருஷ அனுபவம்! என் பழக்கப்படி அரை இஞ்சு உள்ளே விட்டுத் தையல் ஓட்டினேன். தலைவழியாகப் போட்டால் மார்போடு நின்றுவிட்டது. இழுத்துப் பார்த்தேன், பக்கத் தையல் "கர்" என்றது. கை புஜத்தைப் பிடித்தது, கழுத்து மட்டும் தாராளமாக அகன்று போயிருந்தது. கண்ணாடியில் பார்த்தபோது தம்பி மகனின் சட்டையைத் திருடிப் போட்ட மாதிரி இருந்தது.

ஜப்பான் புத்தகங்களின் தாளில் பெரும்பாலும் தையலுக்கு விடும் துணி சேர்த்திருக்காது. கோடு என்றால் அது தையல் விழ வேண்டிய கோடு, வெட்டுகிற கோடு அல்ல. எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பது புத்தகத்தின் உள்ளே, துணியில் துண்டுகளை எப்படி அடுக்குவது என்று காட்டும் சின்னப் படத்தில் இருக்கிறது: கீழ் மடிப்புக்கு 3, கை நுனிக்கு 2 என்று வட்டத்துக்குள் எண் போட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் "எண் குறிப்பிடாத இடங்களில் 1 செ.மீ." என்று ஒரே ஒரு வரி. வட்டத்துக்குள் இருந்த எண்களைப் பார்த்தேன், ஏதோ வரிசை எண் என்று நினைத்துவிட்டேன். புத்தகத்தில் தைத்து முடித்த மார்புச் சுற்றளவு 104 செ.மீ. என்று இருந்தது. நான் நாலு ஓரத்திலும் அரை அரை இஞ்சைத் தின்றுவிட்டதால் 5 செ.மீ. போய் 99. என் மார்பு 38 இஞ்சு, அதாவது 96.5. மிச்சம் இரண்டரை செ.மீ., முன்னால் திறப்பும் கிடையாது, எங்கே உள்ளே நுழைவது? நிப்போரித் துணி போச்சு. அதில் பேத்திக்கு இரண்டு கவுன் தைத்தேன், அது வேறு கதை.

அளவு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல் புத்தகத்தை மூடி வைத்தவர்கள் இருப்பார்கள். அங்கே அளவு 7, 9, 11, 13, 15 என்று போகிறது. 9 என்றால் மார்பு 83 செ.மீ., ஒவ்வொரு படிக்கும் 3 செ.மீ. கூடி 15 என்றால் 92. என் புத்தகத்தில் 15தான் கடைசி, நானோ அதையும் தாண்டியவள். ஆனால் அந்த உடுப்புகள் பெரும்பாலும் தளர்வாக வெட்டியவை, அதனால் உடம்பு அளவைப் பார்க்காமல் தைத்து முடித்த அளவைப் பார்த்து எடுக்க வேண்டும். உயரம் 160 செ.மீ. பக்கம் இருப்பவர்களை நினைத்து வரைந்தது, நான் அதைவிடக் குள்ளம், அதற்கு இடுப்புக்குக் கீழே பேப்பரை ஒரு மடிப்பு மடித்துக் குறைத்துக்கொண்டேன். ஆமாம், எல்லாமே செ.மீ. என் டேப்பின் மறுபக்கத்தை முப்பது வருஷத்தில் நான் முதல்முறையாகத் திருப்பிப் பார்த்தது அப்போதுதான், அந்தப் பக்கம் எழுத்து தேயாமல் புத்தம்புதிதாக இருந்தது.

தோற்றுப் போனதும்தான் போனை எடுத்து எழுத்துகளை மொழிபெயர்த்துப் பார்த்தேன், அது பெரிய தமாஷ். பின்பாகத்தின் நடுக்கோட்டில் ஒரே ஒரு எழுத்து இருந்தது. போன் அதை "வாவ்" என்றது. என் வெட்டைப் பாராட்டுகிறதோ என்று நினைத்தேன். அது "வா" என்ற எழுத்து, துணியின் மடிப்பு அந்த ஓரத்தில் வர வேண்டும், வெட்டக்கூடாது என்று அர்த்தம். கழுத்துக்கு உள்பக்கம் வைத்துத் தைக்கும் பட்டிக்கு "மிகாயேஷி" என்று பெயர், அதைப் போன் "திரும்பிப் பார்" என்றது. திரும்பிப் பார்த்தேன், மருமகன்தான் வீடியோ காலில் சிரித்துக்கொண்டிருந்தார். மொத்தம் ஒரு பத்து வார்த்தைதான். மாயே முன்பாகம், உஷிரோ பின்பாகம், சோதே கை, எரி காலர், நுயிஷிரோ தையலுக்கு விடும் துணி, நுனோமே என்றால் துணியின் நேர்நூல் போகும் திசை. இவற்றை ஒரு அட்டையில் தமிழில் எழுதி மெஷினுக்கு மேலே ஒட்டினேன். அதற்குமேல் மொழி தேவைப்படவில்லை. படங்களே பேசின. உடுப்பின் படத்தைச் சுற்றி 1, 2, 3 என்று அம்புக்குறி, எந்தத் தையல் முதலில் எது அடுத்தது என்று. ஓரம் அடிக்க வேண்டிய இடத்தில் நெளிகோடு. கத்தரி போட வேண்டிய இடத்தில் வெட்டுக்குறி.

இரண்டாவது முறைக்குப் புதுத் துணி எடுக்க மனசு வரவில்லை. பழைய சுங்குடிச் சேலை ஒன்று இருந்தது, சின்னாளபட்டியில் எடுத்தது, கொசுவம் வைக்கும் இடத்தில் இற்றுப் போயிருந்தது, மீதி நல்ல உடம்பு. எத்தனையோ தடவை தண்ணீர் பட்டது, இனிமேல் சுருங்கப் போவதில்லை. (புதுத் துணியானால் ஒரு ராத்திரி நனைத்துக் காயவைத்துவிட்டு வெட்டுங்கள், இதை எந்த ஊர்ப் புத்தகமும் சொல்லும், யாரும் கேட்பதில்லை.) இதில் ஒரு சிக்கல் வந்தது. எனக்குச் சேலையின் பார்டர் உடுப்பின் கீழ் ஓரத்தில் வர வேண்டும் என்று ஆசை. ஆனால் அந்த உடுப்பு கீழே போகப் போக விரியும் தினுசு, அதன் கீழ் ஓரம் நேராக இருக்காது, பக்கத் தையலை நோக்கி மெல்ல மேலே வளையும். பார்டரோ நேர்கோடு. பார்டருக்காக ஓரத்தை நேராக வெட்டினால் போட்டுக்கொள்ளும்போது இரண்டு பக்கமும் காது மாதிரித் தொங்கும். அரை நாள் யோசித்து, பார்டரைத் தனியாகப் பிரித்தெடுத்து, நேராக இருக்கும் இடங்களுக்கு மட்டும் கொடுத்தேன்: பாக்கெட்டின் வாய்க்கும் கை நுனிக்கும். பாக்கெட்! முப்பது வருஷத்தில் எத்தனை ஜாக்கெட் தைத்திருப்பேன், எனக்கென்று பாக்கெட் வைத்து ஒரு உடுப்பு தைத்துக்கொண்டது இதுதான் முதல். சாவியும் போனும் அதில்தான் இருக்கின்றன. ஜாக்கெட்டுக்குள் பர்ஸைச் செருகிக்கொள்ளும் வேலை இல்லை.

இந்தத் தடவை கோட்டைச் சுற்றி 1 செ.மீ. கூட்டி, கீழே 3 கூட்டி வெட்டினேன். கையை வைத்து ஊசி குத்தும்போது எனக்கே நம்பிக்கை இல்லை, ஆனால் கைத் துண்டில் இருந்த சின்னக் குறியும் உடம்புத் துண்டில் இருந்த குறியும் நேருக்கு நேர் வந்து உட்கார்ந்தன, ஒரு சுருக்கம் இல்லை. போட்டுக்கொண்டு கையைத் தூக்கினேன். இடுப்பு ஏறவில்லை. எதிர்வீட்டுப் பெண் கேட்டாள், "எந்தக் கடைக்கா?"

அந்தப் படத்தை மகள் தன் பக்கத்து வீட்டு அம்மாளிடம் காட்டியிருக்கிறாள். அவர் உடுப்பைப் பார்க்கவில்லை, புள்ளிகளைத்தான் பார்த்தாராம். "கனோகோ" என்றாராம். துணியைச் சிறுசிறு முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் முக்கி எடுத்தால் விழும் புள்ளிக்கு அங்கே அந்தப் பெயர், மான்குட்டியின் புள்ளி என்று அர்த்தம். நம் சுங்குடியும் முடிச்சுப் போட்டுத்தானே வந்தது. இப்போது கடையில் கிடைப்பதில் அச்சுப் போட்டதும் மெழுகு வைத்ததும் நிறைய என்பதைச் சொல்லி அந்த அம்மாளின் மனதைக் கெடுக்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிட்டேன்.

அவர்களிடம் ஏன் இப்படிப் புத்தகம் வருகிறது, நம்மிடம் ஏன் வருவதில்லை என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். என் ஊகம் இது. ஜப்பான்காரர்களின் பழைய உடுப்பான கிமோனோவுக்கான துணி ஒரு முழத்துக்கும் குறைந்த அகலத்தில், 36, 38 செ.மீ.தான் இருக்கும், நீளம் 12 மீட்டர் போல. அதை நேர்க்கோட்டில் நீளத் துண்டுகளாக வெட்டித் தைப்பார்கள், வளைவுக்காகத் துணியை வெட்டி எறிவது இல்லை, துவைக்க வேண்டுமானால் தையலைப் பிரித்துத் துண்டுகளை மறுபடி நீளத் துணியாக்கித் துவைத்துத் திரும்பத் தைத்த காலமும் உண்டு. நம் சேலை மாதிரியே துணியை மதித்த உடுப்பு. மேல்நாட்டு உடுப்பு வந்தபோது அந்தப் பெண்களுக்கு அக்குள் வளைவு என்பதே புதிது. புதிதாகக் கற்றவர்கள்தான் அடுத்தவருக்குச் சொல்லும்போது எதையும் விட்டுவிடாமல் சொல்வார்கள், "அழகாக வரையவும்" என்று தப்பிக்க மாட்டார்கள். ஷிஞ்சுகு பக்கம் போனபோது மகள் புன்கா என்ற உடை வடிவமைப்புக் கல்லூரியைக் காட்டினாள். 1923 முதல் பள்ளியாக நடக்கிறது, பேர்பெற்ற உடை வடிவமைப்பாளர்கள் கென்சோவும் யோஜி யமமோட்டோவும் படித்த இடம். அவர்கள் 1936இல் ஸோஎன் என்று ஒரு இதழையே ஆரம்பித்திருக்கிறார்கள். அவர்களிடம் அடிப்படைக் கட்டிங்குக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு, மார்பளவில் பாதியோடு 6 செ.மீ. என்று தொடங்கும். நம் டெய்லர்களின் "கால் பங்கும் ஒரு இஞ்சும்" என்ன குறைந்துபோயிற்று? மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கும் புது மண்டபத்தில் தூணுக்கு ஒருவராக உட்கார்ந்து தைத்த காலத்தில் ஆளை ஒரு பார்வை பார்த்தே சட்டை வெட்டியவர்களை நான் சின்னப் பிள்ளையில் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் வெட்டு அவர்களோடு போயிற்று, அங்கே அது தாளில் ஏறியது. போருக்குப் பிறகு துணிப் பஞ்சத்தில் கிமோனோவைப் பிரித்து கவுன் தைத்த பெண்களுக்கு மாத இதழ்களே கட்டிங்கை இணைப்பாகக் கொடுத்தன. ஜெர்மனியில் 1950இல் தொடங்கிய புர்தா என்ற தையல் இதழும் சீக்கிரமே கட்டிங் தாளோடு வரத் தொடங்கியது. ஆக, பத்திரிகை செய்த வேலை இது.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். உங்கள் பேப்பரின் இரண்டு பக்கத்தைச் சேர்த்து விரித்து அளந்தேன், அகலம் ஏறக்குறைய 70 செ.மீ., உயரம் 50க்கு மேல். 36 இஞ்சு மார்புக்கு ஜாக்கெட்டின் பாதிப் பின்பாகம் 25 செ.மீ. அகலம், முன்பாகம் இன்னொரு 25, மடித்து வெட்டும் கை 18. மொத்தம் 68. உயரம் 38 போதும். அடங்குகிறது! கீழே மிச்சம் இருக்கும் இடத்தில் பட்டியும் கழுத்துக்கான கிராஸ் துண்டும் (துணியைச் சாய்வாக வெட்டி எடுப்பது) போடலாம். 34, 36, 38, 40 நான்கையும் நான்கு விதக் கோட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக அச்சடியுங்கள். ஒரு வாரம் ஜாக்கெட், ஒரு வாரம் பாவாடை சட்டை, ஒரு வாரம் பிறந்த குழந்தைக்கான ஜப்லா. நைட்டியை இரண்டு வாரமாகப் பிரித்துப் போட்டால் ஒட்டிக்கொள்கிறோம். தீபாவளிக்கு ரங்கோலியும் பலகாரமும் வருஷா வருஷம் இணைப்பாகத் தருகிறீர்கள், அதில் ஒரு வருஷத்தைத் தந்தால் போதும்.

ஒன்றிரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். அச்சில் அளவு கொஞ்சம் கூடவோ குறையவோ வரலாம், அதனால் ஒரு மூலையில் 5 செ.மீ.க்கு 5 செ.மீ. கட்டம் ஒன்று போட்டு, "இதை டேப்பால் அளந்து பார்த்துவிட்டு வெட்டவும்" என்று எழுதுங்கள். தையலுக்கு விட வேண்டிய துணி சேர்ந்திருக்கிறதா இல்லையா என்பதைப் பொடி எழுத்தில் அல்ல, தலைப்புச் செய்தி எழுத்தில் போடுங்கள், நான் பட்டது போதும். ஜப்பான் புத்தகத்திலிருந்து எடுத்துப் போடச் சொல்லவில்லை, அது அவர்கள் உழைப்பு, என் புத்தகத்திலேயே தைத்து விற்கக்கூடாது என்று போட்டிருக்கிறது. நம்மூரில் வெட்டத் தெரிந்த டெய்லர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், ஒருவரைக் கூப்பிட்டு வரையச் சொல்லுங்கள், பெயரும் சன்மானமும் கொடுங்கள். ரெடிமேட் முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது யார் தைக்கப் போகிறார்கள் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொல்வார்கள். ரெடிமேடில் என் உடம்புக்கு ஜாக்கெட் வாங்கி, கையை ஒருமுறை மேலே தூக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

இத்துடன் போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேப்பரிலேயே வெட்டிய ஜாக்கெட் பின்பாகம் ஒன்றை மடித்து வைத்திருக்கிறேன், 36 அளவு. தையல் பக்கத்தின் மேலேயே விழுந்துவிட்டது, வேண்டுமென்று செய்ததில்லை. "மடிப்பு" என்று பேனாவால் எழுதிய ஓரத்தைத் துணியின் மடிப்பில் வைக்க வேண்டும். சுற்றிலும் அரை இஞ்சு சேர்க்கவில்லை, உங்கள் வீட்டில் யாராவது வெட்டுவதானால் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை